லோ சிஃபு மேல் விழாத அடி

சீன முஷ்டிக் கலையின் மானம் இனி ஒரே ஒரு திரைப்படத்தின் கையில்தான் இருக்கிறது என்றார் லோ சிஃபு. முன்னோர்கள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பின்னால் வரப்போகிறவர்கள் நம்மைக் கேள்வி கேட்பார்கள், 'கல்நண்டுக் கை: இரண்டாம் பாகம்' அதற்கெல்லாம் பதில் சொல்லும் என்றார். பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். வாள்சாமி குவான் கோங்கின் படத்துக்கு முன்னால் ஊதுவத்திப் புகை சுழன்றது.

பிறகு அவர் வெட்டுக்கத்தியை ஓங்கி, மேசைமேல் படையலாகக் கிடந்த முழு வறுத்த பன்றியை நடுமுதுகில் ஒரே போடாகப் போட்டார். கத்தி எலும்பில் சிக்கிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை. காலை மேசையில் உதைத்துக்கொண்டு இழுத்தார். கடைசியில் லைட் ஆள் ஒருவர் வந்து பன்றியின் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டார். முதல் பாகத்தில் வெறுங்கையால் கருங்கல் பாறையைப் பிளந்தவர் லோ சிஃபு. அந்தப் பாறைக்கு எலும்பில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மாலைப் பத்திரிகையிலிருந்து வந்திருந்த மிஸ் யிப் கேட்டாள். முதல் படத்தில் நீங்கள் அடி வாங்கியதைத்தான் ஜனங்கள் ரசித்தார்கள். இந்தப் படத்தில் உங்கள்மேல் ஒரு விரல்கூடப் படவில்லை என்கிறார்களே, பார்க்க வருகிறவர்கள் காசைத் திருப்பிக் கேட்டால்? அவள் குரலில் விஷமம் இல்லை. வானிலை கேட்பது மாதிரிதான் கேட்டாள்.

லோ சிஃபு கத்தியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஒரே ஒரு ஆள் காசைத் திருப்பிக் கேட்டாலும் போதும். என் பள்ளிக்கூடப் பலகைய என் கையாலயே எறக்கி வெச்சிடறேன்."

மிஸ் யிப் அதையும் எழுதிக்கொண்டாள். ஓரத்தில் நின்றிருந்த அவருடைய மனைவி, நாங்கள் எல்லாரும் அண்ணி என்று கூப்பிடுகிறவர், கண்ணை மூடிக்கொண்டார். நான் இந்தப் படத்தின் எடிட்டர். படம் முழுவதையும் என் கையால் ஒட்டியவன். எனக்கும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல்தான் இருந்தது.

பலகையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹாங்காங்கின் மாங் காக் பகுதியில் ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில், படிக்கட்டு முடியும் இடத்தில் அது தொங்குகிறது. கறுப்பு அரக்குமேல் தங்க எழுத்து: 'தென்சீனக் கல்நண்டு முஷ்டி மூலப் பள்ளி'. இப்படி ஒரு முஷ்டி முதல் படத்துக்கு முன்னால் உலகத்தில் இல்லை. கதாசிரியர் கடலோரக் கடை ஒன்றில் நண்டு உடைத்துத் தின்றுகொண்டிருந்தபோது அவருக்குத் தோன்றியது அது. படம் ஓடிய ஓட்டத்தில் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பள்ளி திறக்காமல் என்ன செய்வது. அதற்கு முன்னால் லோ சிஃபு பெரிய ஹீரோக்களுக்குப் பதிலாகப் படிக்கட்டில் உருளுகிற ஆள். மிகையாகச் சொல்லவில்லை, ஹாங்காங்கில் அவரைப்போல விழத் தெரிந்தவர் கிடையாது. சின்ன வயதில் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்ட நாளிலிருந்து விழுந்துகொண்டே இருந்தவர். முதல் படத்தில் ஒரு மணி நேரம் அடிவாங்கி, விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, கடைசியில் ஜெயித்தார். தியேட்டரே எழுந்து நின்றது.

அன்றிலிருந்து அவருக்கு விழுவது பிடிக்காமல் போயிற்று. சிஃபு என்றால் ஆசான்; எங்கள் ஊரில் டாக்சி ஓட்டுகிறவரும் சிஃபு, குழாய் அடைப்பு எடுக்க வருகிறவரும் சிஃபு. ஆனால் பலகை ஏறிய பிறகு அந்தச் சொல் தனக்கு மட்டும் உரியது என்று அவர் நினைத்துவிட்டார். காலையில் எழுந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, ஈரத்துணியால் தங்க எழுத்தைத் தானே துடைப்பார். வேறு யாரையும் தொடவிட மாட்டார். பலகை இறங்கினால் அவர் மறுபடி படிக்கட்டில் உருளுகிறவர்தான். அது எங்கள் எல்லாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

படப்பிடிப்பின்போதே நான் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"சிஃபு, அந்த டீக்கடைச் சண்டையில ஒரே ஒரு அடி வாங்கிடுங்க. சின்னதா. தோள்ல."

"கீன், என்னை நம்பிப் பிள்ளைங்கள அனுப்பறாங்க. அவங்க அப்பன் ஆத்தா முன்னாடி நான் அடி வாங்கறதா? நீ ஃபிலிம் ஒட்டற வேலைய மட்டும் பாரு."

ஒட்டினேன். வில்லனும் பாவம், ஒரு மணி நாற்பது நிமிஷம் காற்றையே அடித்துக்கொண்டிருந்தான். சிஃபு ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி, மறு கையால் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார், ஈ விரட்டுவது மாதிரி.

எங்கள் தொழிலில் விமரிசகர் எழுதுவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. படம் வியாழக்கிழமை வெளியாகும். அதற்கு முந்திய சனிக்கிழமை நள்ளிரவுக் காட்சியில் ஜனங்கள் என்ன திட்டுகிறார்கள் என்பதுதான் விமரிசனம். நாங்கள் பின்சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு கேட்போம். எங்கே கொட்டாவி விட்டார்கள், எங்கே டைரக்டரின் தாயாரை விசாரித்தார்கள் என்று மனதில் குறித்துக்கொண்டு, நாலு நாளில் வெட்டி ஒட்டி வியாழனுக்குள் சரி செய்துவிடுவோம். வாய்க்கு வந்தபடி திட்டத்தான் அந்தக் காட்சியே. ரொம்ப மோசம் என்றால் சேர்ந்து கத்துவார்கள், காசைத் திருப்பிக் குடு என்று. அதற்கும் மோசம் என்றால் இருக்கையைக் கத்தியால் கிழிப்பார்கள்.

சபதம் போட்ட மனிதருக்கு இது எப்படித் தூக்கம் தரும்? லோ சிஃபு யாரும் செய்யாததைச் செய்தார். நள்ளிரவுக் காட்சியின் டிக்கெட் முழுவதையும் தன் மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோர்களையும் லோ குலச் சங்கத்துக் கிழவர்களையும் விட்டு வாங்கவைத்தார். மாணவர்களுக்குப் பள்ளியில் கைதட்டல் பயிற்சியும் நடந்தது. மூன்றாவது உதைக்கு ஒரு தட்டு, பாறை பிளக்கும்போது எழுந்து நிற்பது. நோய் என்ன என்று சொல்லவேண்டிய டாக்டரின் வாயைக் காசு கொடுத்து அடைக்கிறோமே என்று நான் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி, அவர் சாப்பிட்டு மூன்று நாளாகிறது கீன், இந்தச் சனிக்கிழமை ஒன்று போகட்டும் என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் புயல் எச்சரிக்கை எட்டாம் எண் ஏறியது. படகு நின்றது, பஸ் நின்றது, தியேட்டர் கதவை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். நள்ளிரவுக் காட்சி இல்லை. லோ சிஃபு எனக்கு ஃபோன் செய்து, முன்னோர்கள் காப்பாற்றிவிட்டார்கள் என்றார். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஃபோன் செய்தார். தியேட்டர் மேனேஜர் பௌ, காட்சியை ஞாயிறு பிற்பகலுக்கு மாற்றிவிட்டாராம். பழைய டிக்கெட் செல்லாதாம். வேண்டுபவர்கள் வந்து காசை வாங்கிக்கொள்ளலாமாம்.

"வாங்கிக்கலாம்னுதான போட்டிருக்காங்க," என்றார் லைனில். "கேக்கறதுன்னு ஆகாதுல்ல?"

ஞாயிறு காலை எச்சரிக்கையை இறக்கிவிட்டார்கள். ராத்திரி முழுக்கத் தீப்பெட்டி மாதிரியான வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த எங்கள் கவுலூன் பகுதி மொத்தமும் நேதன் ரோட்டுக்கு வந்துவிட்டது. முறிந்த மரக்கிளையும் கிழிந்த பேனரும் தாண்டிக்கொண்டு நான் தியேட்டருக்குப் போனபோது டிக்கெட் ஜன்னல் முன்னால் இரண்டு வரிசை. ஒன்று, புது டிக்கெட் வாங்க. அது தெருமுனை திரும்பிப் போயிருந்தது. மற்றொன்று, பழைய டிக்கெட்டுக்குக் காசு வாங்க. அதில் லோ சிஃபுவின் மாணவர்கள் மார்பில் தங்க நண்டு போட்ட கறுப்பு பனியனோடு உயரவாரியாக, கட்டுப்பாடாக நின்றிருந்தார்கள். அவர் சொல்லிக்கொடுத்த கட்டுப்பாடு. ஒவ்வொருவராக ஜன்னலில் குனிந்து, காசைத் திருப்பிக் கொடுங்க என்று மரியாதையாகக் கேட்டார்கள். வாங்கிக்கொண்டு எதிர்த் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்த பேய்ப் படத்துக்குப் போனார்கள். எங்கள் வரிசை அவ்வளவு நீளம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

மிஸ் யிப் சாரலுக்கு ஒதுங்கிக் கணவாய்க் கருவாடு சுடுகிறவர் பக்கத்தில் நின்றிருந்தாள். லோ சிஃபு அவளைப் பார்த்துவிட்டார்.

"இது கணக்குல வராது," என்றார்.

"நான் இன்னும் எதுவும் எழுதல, சிஃபு," என்றாள், கணவாயைக் கடித்தபடி.

பிற்பகல் காட்சிக்கு உட்கார இடமில்லை. ஈரச் சட்டை, ஈரக் குடை, சிகரெட் புகை, ஆரஞ்சுத் தோல். நானும் சிஃபுவும் அண்ணியும் பின்சுவரில். முதல் சண்டை போயிற்று. சத்தமே இல்லை. அது நல்லதா கெட்டதா என்று சிஃபு என்னைக் கேட்டார். இரண்டாம் சண்டையில் இருமல் ஆரம்பித்தது. ஒருவர் இருமினால் பரவாயில்லை, நாலு வரிசை சேர்ந்து இருமினால் எடிட்டர் கத்தரிக்கோலைத் தேடவேண்டியதுதான். சிஃபு பையிலிருந்து தர்பூசணி விதை எடுத்துக் கொறிக்க ஆரம்பித்தார். தோலைத் துப்ப மறந்து விழுங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது சண்டையில் வில்லனின் இரும்புத் தடி சிஃபுவின் காதோரம் போய் மயிரிழையில் தப்பியது. அரங்கம் முழுக்க ஒரு பெருமூச்சு. அவர் தப்பியதற்காக விட்ட மூச்சு அல்ல அது. தடி தவறியதற்காக.

இருட்டிலிருந்து ஒரு ஆள் சொன்னான், சாவகாசமாக, சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதுபோல:

"யாராச்சும் அந்தாள ஒரு அடி அடிங்கப்பா."

சிரிப்பு எழுந்தது. அதற்கப்புறம் வில்லன் வரும்போதெல்லாம் கைதட்டினார்கள். விடாதே, இடதுபக்கம் போ, காலைப் பிடி என்று அவனுக்கு யோசனை சொன்னார்கள். கடைசி ரீலில் சிஃபு மலையுச்சியில் நின்று முஷ்டியின் மானத்தைப் பற்றி நீளமாகப் பேசும்போது முன்வரிசையில் ஆரம்பித்தது. பக்கத்து வரிசை பிடித்துக்கொண்டது. பிறகு பால்கனி. தாளம் தப்பாமல் காலைத் தட்டிக்கொண்டு, காசைத் திருப்பிக் குடு என்று கத்தினார்கள்.

சிஃபு என் சட்டைக் கையைப் பிடித்தார். "என்ன கேக்கறாங்க?"

"மழைச் சத்தம், சிஃபு," என்றேன். மழை நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

படம் முடிந்ததும் சிஃபு பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொருவரையாகக் கேட்டார். அண்ணி, எனக்கு இந்தக் காது கொஞ்ச நாளாகவே மந்தம் என்றார். மேனேஜர் பௌ, கூட்டம் ரொம்ப உற்சாகமாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் பால் டீயை ஆற்ற ஆரம்பித்தார். ஆறின பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தார். சிஃபுவின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. அப்போது மிஸ் யிப் வந்து எதிரில் உட்கார்ந்து அன்னாசி பன் ஒன்று சொன்னாள்.

"எனக்குக் கேட்டுச்சு, சிஃபு," என்றாள்.

சிஃபுவின் முழங்கால் மேசைக்கு அடியில் ஆடியதில் எல்லாருடைய கோப்பையும் கிணுகிணுத்தது. நான்தான் வாயைத் திறந்தேன். இது வெட்டாத படம், இன்னும் அடுப்பில் இருக்கிறது, வெந்து இறக்குவதற்குள் ருசி பார்த்து எழுதுவது நியாயமில்லை என்றேன். அவள் யோசித்தாள். நல்லவள்தான், அல்லது இன்னும் பெரிய செய்திக்குக் காத்திருக்கத் தெரிந்தவள்.

"சரி. வியாழக்கிழமை, முதல் காட்சி. அன்னிக்கும் கேட்டுச்சுன்னா நானே ஏணி கொண்டு வரேன். நீங்க பலகைய எறக்கறத ஒரு படம் எடுத்துக்கறேன்."

மறுநாள் காலை சிஃபு எடிட்டிங் அறைக்கு வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். எங்கே வெட்டுவது? பேச்சை வெட்டலாம், மலையை வெட்டலாம். விழாத அடியை எங்கிருந்து கொண்டுவந்து ஒட்டுவது? செட்டைப் பிரித்தாயிற்று, வில்லன் நடிகர் தைவானுக்குப் போய்விட்டார். மீதி இருந்தது ஒரே ஒரு டப்பா. டீக்கடைச் சண்டையில் கெட்டுப்போன டேக். எரித்துவிடச் சொல்லியிருந்தார். எடிட்டர்கள் எதையும் எரிப்பதில்லை.

எடுத்து ஓட்டினேன். சத்தம் கிடையாது, எங்கள் படங்களில் அப்போதெல்லாம் படம் மட்டும்தான் எடுப்போம், பேச்சைப் பிறகு வேறு யாராவது பேசுவார்கள். சிஃபுவுக்கும் டப்பிங்கில் கனத்த குரல் உடைய ஒரு தபால் ஊழியர் பேசுவார். எடிட்டிங் மெஷினின் சின்னத் திரையில் சிஃபு மாடியிலிருந்து கம்பியில் பறந்து வருகிறார். கம்பி மாட்டிக்கொள்கிறது. ஊஞ்சல்போலப் பின்னால் போய், கடை முகப்பில் வரிசையாகத் தொங்கும் வறுத்த வாத்துகளில் ஒன்றில் முகம் பட மோதுகிறார். வாத்து போய்த் திரும்பி வந்து மறுபடி மோதுகிறது. கம்பி அறுந்து, பெஞ்சின் ஒரு முனையில் விழ, மறுமுனை எழுந்து முதுகில் அறைய, டோஃபு பாயசத் தொட்டிக்குள் உட்காருகிறார். வேஷத்துக்கு ஒட்டிய முடிப்பின்னல் கழன்று வாத்தோடு தொங்குகிறது. வெள்ளைவெளேரென்று எழுந்து உட்கார்ந்து ஏதோ சொல்கிறார். அவ்வளவு அழகான விழுதலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சிஃபு மூக்கு படுகிற அளவுக்குத் திரைப் பக்கம் குனிந்தார்.

"பின்னல் கழண்டு விழுது," என்றார் கடைசியில்.

"அதுக்கு முன்னாடி வில்லன் கயித்த இழுக்கற ஷாட் ஒண்ணு வேற எடத்துல இருக்கு. சேத்துட்டா அவன் வேலைன்னு ஆயிடும்."

"நான் என்ன சொல்றேன் அதுல? வாய் அசையுதே."

"தெரியல, சிஃபு."

"பெத்தவங்க பாப்பாங்க, கீன்."

"ஏணி வெச்சுப் பலகை எறங்கறதையும் அவங்கதான பாப்பாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே தெருவில் புயலில் விழுந்த மூங்கில் சாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு, எனக்கு வயிறு சரியில்லை, கழிப்பறைக்குப் போகிறேன், நேரமாகும் என்றார். மேசைமேலிருந்த குதிரைப் பந்தயப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போனார். நான் வெட்டி ஒட்டி, தூசி தட்டி, டப்பாவை மூடிவைத்த பிறகுதான் வந்தார். எதையும் கேட்கவில்லை. நான் இங்கே இல்லவே இல்லை, தெரிந்ததா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை மிஸ் யிப் சொன்னபடி செய்துவிட்டாள். தியேட்டர் கூடத்தில், பாப்கார்ன் பெட்டி பக்கத்தில், ஒரு மடக்கு ஏணி சுவரில் சாய்ந்து நின்றது. சிஃபு அதைப் பார்க்காமல் தாண்டிப்போக முயன்று அதன் காலில் இடறினார்.

முதல் சண்டைக்கு அமைதி. இரண்டாவதற்கு இருமல். அண்ணி இருட்டில் எங்கேயோ பார்த்து வாய்க்குள் குவான் கோங்கை அழைத்துக்கொண்டிருந்தார். சிஃபு விதை கொறிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தண்டனைக்கு நிற்கும் பிள்ளைபோல நேராக நின்றார். டீக்கடைச் சண்டை தொடங்கியது. நடுவரிசையில் ஒருவன் எழுந்து, காசை என்று ஆரம்பித்தான்.

வாத்து வந்தது.

வாத்து இரண்டாம் தடவை வந்தபோது அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. எழுந்தவன் எழுந்தபடியே முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பெஞ்சு முதுகில் அறைந்தபோது பால்கனியிலிருந்து செருப்பு ஒன்று மகிழ்ச்சியில் பறந்து வந்தது. தொட்டியிலிருந்து அவர் வெள்ளையாக எழுந்தபோது, அந்தக் கணத்திலிருந்து, எல்லாரும் அவர் கட்சிக்கு வந்துவிட்டார்கள். இப்ப குடு அவனுக்கு, விடாத சிஃபு என்று கத்தினார்கள். வில்லன் பாடு கஷ்டமாகிவிட்டது.

சிஃபு என் காதருகே குனிந்தார்.

"சிரிக்கறாங்களா?"

"ஆமா, சிஃபு."

"என்னப் பாத்தா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா சிரிக்கறாங்களா?" என்றார்.

கூடத்துக்கு வந்தபோது மிஸ் யிப் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தாள். அவருக்குக் குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். படம் மழைக்காலம் முடியும்வரை ஓடியது. பேய்ப் படத்துக்குப் போன மாணவர்கள் திரும்பி வந்து பார்த்தார்கள். புதிதாகச் சேர வருகிற பிள்ளைகள் படி ஏறியதும், தொட்டியில் விழுவதை எந்த மாதம் சொல்லித்தருவீர்கள் என்றுதான் கேட்டார்களாம்.

அடுத்த வாரம் லோ சிஃபு பத்திரிகைக்காரர்களை மறுபடி கூப்பிட்டார். மறுபடி பன்றி, இந்தத் தடவை முன்கூட்டியே வெட்டி ஒட்டவைத்த பன்றி. கல்நண்டு முஷ்டியின் ஆகப் பழைய ரகசியம் அடி வாங்குவதுதான் என்றார். உலகத்தைத் தன்மேல் விழவிட்டு, பணிவால் வெல்வது. வாத்தும் பெஞ்சும் தொட்டியும் மாதக்கணக்கில் தியானித்து அமைத்த ஒரே அசைவு. வெள்ளையாக எழுவது மறுபிறப்பின் குறி. பலகைக்குக் கீழே இப்போது சின்னதாக இன்னொரு பலகையும் தொங்குகிறது, விழும் கலை என்று. இரண்டையும் அவர்தான் துடைக்கிறார்.

தொட்டியிலிருந்து எழுந்து உட்காரும் இடத்தில் தபால் ஊழியரின் கனத்த குரல், "கல்நண்டுக்குச் சாவில்லை" என்று சொல்கிறது. திரையில் சிஃபுவின் உதடு "அம்மா" என்றுதான் அசைகிறது.